ஜான் லாக்கும் நூலுடைமையும்

நூலொன்றை இயற்றியவன் அந்நூலுக்கு உடையவன் ஆவானா? ஆவானெனின், எத்துணைக் காலம்? நிலமுடையான் தன் நிலத்தை மக்கட்கும் அவர்தம் மக்கட்கும் விட்டுச் செல்லுதல் போல, நூலுடையானும் தன் நூலை வழிவழியாக வைத்தாளலாமா? வீட்டையும் வயலையும் வேலியிட்டுக் காக்கலாம். எண்ணத்துக்கு வேலியிடுதல் யாங்ஙனம்? இன்று அறிவுசார் சொத்துரிமை என வழங்கப்படும் பெருந்துறையின் அடியிற் கிடப்பன இவ்வினாக்களே. இவற்றை ஆராயப் புகுவார் யாவரும் சிறிது தூரம் சென்றவுடன் ஒரு பெயரை எதிர்ப்படுகின்றனர். அது ஜான் லாக் என்பது. உழைப்பே உடைமைக்கு வேர் என நாட்டிய ஆங்கிலப் பேரறிஞர் அவர். ஆதலின், நூலுரிமையை என்றும் அழியாத உரிமையாக்க விரும்பினார் பலரும் அவரையே தமக்குச் சான்றாக அழைத்தனர். அவரோ நூலுடைமையைப் பற்றித் தம் கையால் எழுதிய பொழுது அவர்கள் விரும்பியதை எழுதினாரல்லர். தாம் இயற்றிய தலைசிறந்த நூல்களுள் ஒன்றனைத் தமதென்று சொல்லிக்கொண்டாருமல்லர். இவ்வியப்பே அவர் வரலாற்றை ஈண்டு எழுதுமாறு எம்மைத் தூண்டியது.

லாக் 1632-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள், இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள சாமர்செட் கோட்டத்தில் ரிங்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் வக்கீல் தொழிலினர். முதலாம் சார்லஸ் மன்னருக்கும் பார்லிமெண்டுக்கும் போர் மூண்ட காலையில் பார்லிமெண்டின் பக்கம் நின்று குதிரைப்படையிற் பணி புரிந்தவர். அப்படையில் அவர்க்கு மேலவராயிருந்த அலெக்சாந்தர் பாப்பம் என்பாரின் துணையால், சிறுவர் 1647-ல் லண்டன்மாநகர் வெஸ்ட்மினிஸ்டர் பள்ளியிற் சேர்க்கப்பட்டார். 1649 ஜனவரி 30-ஆம் நாள் மன்னர் தலை துணிக்கப்பட்ட இடம் அப்பள்ளிக்கு மிக அணித்து. தலைமையாசிரியர் பஸ்பி என்பார் மன்னர்பாற் பெரும்பற்றுடையவர். அன்று மாணவரை வெளியே விடாது உள்ளே நிறுத்தி மன்னருக்காக இறைவனை வேண்டச் செய்தார். தந்தை மன்னரை எதிர்த்துப் போர் செய்தவர். மகனோ மன்னருக்காக மன்றாடும் கூட்டத்தில் இருந்தான். இருபக்கத்து வழக்கையும் கேட்டல்லது எதனையும் கொள்ளாத இயல்பு அவர்க்கு அப்பள்ளியிலேயே முளைத்திருத்தல் வேண்டுமென யாம் கருதுகின்றோம்.

1652-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக் கிறைஸ்ட் சர்ச் கல்லூரி புகுந்து, 1656-ல் பி. ஏ. பட்டமும் 1658-ல் எம். ஏ. பட்டமும் பெற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். அரிஸ்டாட்டிலின் உரைகளை உருப்போட்டு வாதிடும் பழைய முறை அவர் உள்ளத்துக்கு உவப்பளிக்கவில்லை. மருத்துவ நூல்களையும் ராபர்ட் பாயில் முதலியோரின் சோதனைகளையுமே அவர் நாடினார். 1666-ல் ஆஷ்லி பிரபு நோய் தீர்க்கும் நீரருந்துதற்பொருட்டு ஆக்ஸ்போர்டுக்கு வந்தார். அந்நீரைத் தருவிக்கும் பொறுப்பு லாக்கினிடம் வந்து சேர்ந்தது. அச்சிறு நிகழ்ச்சி அவர் வாழ்வையே திருப்பிவிட்டது. மறுவருடம் அவர் லண்டனில் அப்பிரபுவின் மனையிற் குடிபுகுந்தார். 1668-ல் பிரபுவின் ஈரலிற் கட்டியொன்று எழுந்து உயிருக்கே ஊறு விளைக்கும் நிலை வந்தபோது, லாக்கின் மேற்பார்வையில் அறுவை நடைபெற்றது. சீழ் வடிதற்கென வெள்ளிக்குழாயொன்று பொருத்தப்பட்டது. மயக்க மருந்தோ நச்சுநீக்கியோ அறியாத அக்காலத்தில் பிரபு பிழைத்தெழுந்ததை யாவரும் வியந்தனர். அக்குழாயை அவர் இறுதிவரை அணிந்திருந்தார். இவரே பின்னர் ஷாப்ட்ஸ்பரி பிரபுவாகி, இங்கிலாந்தின் சான்சலர் பதவியையும் வகித்தவர்.

இப்பகுதியில் வரலாற்றாசிரியர் சிலர் விரைந்து கடந்து செல்லும் ஒன்றனை யாம் கடக்கலாகாது. ஷாப்ட்ஸ்பரி, வட அமெரிக்காவிலுள்ள கரோலினாக் குடியேற்றத்தின் உடைமையாளருள் ஒருவர். அவ்வுடைமையாளர்க்குச் செயலாளராயிருந்தவர் லாக். 1669-ல் அக்குடியேற்றத்துக்கென வகுக்கப்பட்ட அடிப்படைச் சட்டத்தின் எழுத்துப்படியில் அவர் கையெழுத்துக் காணப்படுகின்றது. அச்சட்டம் நீக்ரோ அடிமைகளின்மேல் எசமானர்க்கு முழு அதிகாரம் வழங்கியது. அதன் கருத்துக்களுள் எவை லாக்கினுடையவை, எவை அவர் தலைவர்களுடையவை என்பதில் அறிஞர் இன்றும் மாறுபடுகின்றனர். ஆயினும், ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து விற்ற அரச ஆப்பிரிக்கக் கம்பெனியில் அவர் பங்கு வாங்கியிருந்தார் என்பதில் ஐயமில்லை. ஒவ்வொரு மனிதனும் தன் உடலுக்குத் தானே உடையவன் என்று பின்னாளில் எழுதிய கை அது. இம்முரணை ஒளித்து அவரைப் புகழ்தல் அவருக்கே இழைக்கும் அநீதியாகும். மெய்யை நாடுவதையன்றோ அவர் நமக்குக் கற்பித்தார்?

நிற்க. 1671-ல் ஒருநாள் அவர் அறையில் நண்பர் ஐவர் அறுவர் கூடி அறநெறியையும் சமயத்தையும் பற்றி உரையாடினர். எவ்வழியாலும் முடிவு காணவியலாது தடுமாறினர். பிற பொருள்களை ஆராய்வதற்கு முன் மனித அறிவு எத்துணைத் தூரம் செல்லவல்லது என்பதனையே ஆராய வேண்டுமென்று லாக்குக்குத் தோன்றியது. அடுத்த கூட்டத்துக்கென ஒரு தாளில் எழுதத் தொடங்கியது, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வளர்ந்து, மனித அறிவைப் பற்றிய கட்டுரை என்னும் பெருநூலாயிற்று. பிறக்கும்போதே உள்ளத்திற் பொறிக்கப்பட்ட கருத்து யாதுமில்லை. புலன்வழி வந்தனவும், உள்ளம் தன் தொழிலைத் தானே நோக்கிப் பெற்றனவுமே அறிவின் முதற்பொருள்கள். அவற்றைச் சேர்க்கலாம், பிரிக்கலாம், ஒப்பிடலாம். புதிதாக ஒரு தனிக்கருத்தைப் படைத்தல் எவ்வளவு கூரிய அறிவுக்கும் இயலாது என்பது அந்நூலின் அடிப்படை. இதனை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

ஷாப்ட்ஸ்பரி அரசரோடு பகைத்து ஹாலந்து நாட்டுக்கு ஓடி, 1683 ஜனவரியில் அங்கேயே இறந்தார். அவரைச் சார்ந்தவர்மேல் அரசின் கண் விழுந்தது. அவ்வாண்டிலேயே அரசரைக் கொல்லச் சூழ்ந்தார் எனப் பலர் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஆல்ஜர்னன் சிட்னி. அவர்மீது குற்றத்தை மெய்ப்பிக்க இரண்டு சாட்சிகள் வேண்டியிருந்தது, ஒருவரே கிடைத்தார். அவர் மேசையிற் கிடந்த அச்சேறாத கையெழுத்துப்படி இரண்டாவது சாட்சியாக நிறுத்தப்பட்டது. மன்னரின் வரம்பற்ற அதிகாரத்தை மறுத்து எழுதிய ஏடுகள் அவை. 1683 டிசம்பரில் சிட்னியின் தலை வீழ்ந்தது. நூலுக்கு ஆசிரியனாதல் என்பது அக்காலத்தில் உடைமை மட்டுமன்று, உயிருக்குப் பிணையுமாகும் என்பதனை இதனால் உணரலாம். லாக்கின் பெட்டியிலும் அத்தகைய ஏடுகள் இருந்தன. அவர் அதற்கு முன்னரே ஹாலந்துக்குச் சென்றுவிட்டார். 1684-ல் அரசர் ஆணையால் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் அவர்க்கிருந்த இடமும் பறிக்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாமில் வேறு பெயர் பூண்டு நண்பர் வீட்டில் மறைந்து வாழவும் நேர்ந்தது.

1688-ல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் நாட்டைவிட்டு ஓடினார். 1689 பிப்ரவரியில் இளவரசி மேரி ஏறிவந்த கப்பலிலேயே லாக்கும் தாய்நாடு திரும்பினார். அவ்வாண்டு அவர்க்கு அறுவடைக் காலம். சமயப் பொறையைப் பற்றிய கடிதம் வெளிவந்தது. அறிவைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. ஆட்சியைப் பற்றிய இரண்டு ஆராய்ச்சிகள் என்னும் நூலும், முகப்பில் 1690 என்னும் ஆண்டைத் தாங்கி, ஆன்ஷம் சர்ச்சில் என்னும் புத்தக வணிகரால் வெளியிடப்பட்டது. கட்டுரைக்குத் தம் பெயரை இட்டார்; ஏனைய இரண்டுக்கும் இட்டாரல்லர்.

அவ்விரண்டு ஆராய்ச்சிகளுள் முதலாவது, ஆதாமுக்குக் கடவுள் அளித்த ஆளுகையே அரசர்க்கு வழிவழியாக வந்ததென வாதிட்ட பில்மர் என்பாரை மறுப்பது. இக்காலத்தில் அதனைப் படிப்பார் அரியர். இரண்டாவதன் ஐந்தாம் அதிகாரமே உடைமையைப் பற்றியது. கடவுள் நிலவுலகத்தை மனிதர் யாவர்க்கும் பொதுவாகக் கொடுத்தாரெனின், ஒருவன் மட்டும் ஒரு பொருளைத் தனதென்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? இக்கேள்விக்கு லாக் கண்ட விடை எளிது. தன் உடல் தன்னுடையது. ஆகவே அவ்வுடலின் உழைப்பும் தன்னுடையது. பொதுவிற் கிடந்த பொருளோடு தன் உழைப்பை ஒருவன் கலந்தானாயின், அப்பொருள் அவனுடையதாகின்றது. காட்டில் ஓக்கு மரத்தடியிற் கொட்டைகளைப் பொறுக்கினவனுக்கு அவை எப்பொழுது சொந்தமாயின? தின்றபோதா, வீட்டுக்குக் கொணர்ந்தபோதா? பொறுக்கியபொழுதே என்கிறார் அவர். ஊற்றில் ஓடும் நீர் எல்லார்க்கும் உரியது. குடத்திலுள்ளதோ மொண்டவனுக்கே உரியது.

ஆனால் இவ்வுரிமைக்கு அவரே இரண்டு எல்லைகளைக் கட்டினார். எடுத்தவன் போக எஞ்சியது பிறர்க்கும் போதியதாய், அதனைப் போன்றே நல்லதாய் இருத்தல் வேண்டும். அன்றியும், கெட்டு அழுகிப் பயனின்றிப் போகுமளவு ஒருவன் சேர்த்தலும் ஆகாது. அவ்வாறு சேர்த்தது அவன் பங்கன்று, பிறர் பங்கு. பொன்னும் வெள்ளியும் அழுகாத பொருள்களாதலின், பணம் வந்தபிறகு இரண்டாம் எல்லை தளர்ந்தது என்பதையும் அவர் ஒப்புகின்றார். அவர் வாதத்தில் எமக்கு இடறலாய் நிற்கும் இடமொன்று உண்டு. தம் வேலையாள் வெட்டிய புல்லும் தம்முடையதே என்று போகிறபோக்கிற் சொல்லிச் செல்கிறார். வெட்டினவன் உழைப்பு எங்கே போயிற்று? கூலி கொடுத்தவனிடம் போயிற்று. இச்சிறு வாசகம் நூலுலகில் எத்துணைப் பெரிதாய் விளைந்தது என்பதை இனிக் காண்போம்.

இங்கு ஒன்று குறிக்கத்தக்கது. அவ்வதிகாரம் முழுவதிலும் நிலம் உண்டு, கனி உண்டு, மான் உண்டு, மீன் உண்டு. நூல் என்னும் சொல்லோ எண்ணம் என்னும் பேச்சோ இல்லை. கனியை ஒருவன் தின்றால் மற்றவனுக்கு அக்கனி இல்லை. எண்ணத்தை ஒருவன் பெற்றால் மற்றவனுக்குக் குறைவதில்லை. இவ்வேறுபாட்டைக் காணாது கனிக்குச் சொன்னதை நூலுக்கு ஏற்றியவர் பிற்காலத்தார். லாக் நூலைப் பற்றிப் பேசியது வேறிடத்தில்; அதற்குக் காரணமாயிருந்ததும் ஒரு வழக்கறையன்று, அவருடைய சினமே.

லண்டன் நகரின் புகை அவர் நெஞ்சுக்கு ஒவ்வாது இருமலையும் மூச்சிறைப்பையும் தந்தது. ஆகவே 1691 முதல் எஸக்ஸ் கோட்டத்தில் ஓட்ஸ் என்னும் இடத்தில் மாஷம் குடும்பத்தாரின் மனையில் அவர் வாழ்ந்தார். அம்மனையின் தலைவி டமாரிஸ் மாஷம் அம்மையார், கேம்பிரிட்ஜ் அறிஞர் கட்வர்த்தின் மகளார். தாமும் நூலெழுதிய புலமையாட்டி. அங்கு ஐசக் நியூட்டனும் வந்து விருந்தினராய்த் தங்கியதுண்டு. அங்கிருந்தே பாயில் விட்டுச்சென்ற காற்றின் வரலாறு என்னும் நூலை 1692-ல் அச்சேற்றி முடித்தார். நண்பர் எட்வர்டு கிளார்க்கின் மகனை வளர்க்கும் முறையைப் பற்றி எழுதிய கடிதங்களைத் தொகுத்து 1693-ல் கல்வியைப் பற்றிய நூலாக்கினார். அக்கிளார்க்கு பார்லிமெண்டில் உறுப்பினர். இனி வரும் செய்திக்கு அவரே வாயில்.

அக்காலத்து இங்கிலாந்தில் நூலுடைமை யாரிடம் இருந்தது? ஆசிரியனிடம் அன்று. 1557-ல் அரசுப் பட்டயம் பெற்ற ஸ்டேஷனர்ஸ் சங்கம் என்னும் லண்டன் புத்தக வணிகர் கூட்டத்திடமே இருந்தது. சங்கத்தின் பதிவேட்டில் ஒரு நூலின் பெயரைத் தன் பெயரோடு பதிந்துகொண்ட வணிகனே அதனை என்றென்றும் அச்சிடத்தக்கவன். ஆசிரியன் ஒருமுறை விலைபெற்றுக் கையெழுத்துப்படியைக் கொடுத்துவிட்டால் அவனுக்கும் நூலுக்கும் உள்ள தொடர்பு அற்றது. மில்டன் 1667-ல் சைமன்ஸ் என்னும் அச்சகத்தாரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தால் இழந்த சுவர்க்கத்துக்கு வாழ்நாளிற் பெற்றது 10 பவுன். எஞ்சிய உரிமை முழுவதையும் 1680-ல் அவர் மனைவியார் 8 பவுனுக்குத் தீர்த்துக்கொடுத்தார். வேலையாள் வெட்டிய புல் எசமானனுடையதாயிற்றன்றோ? கண்ணிழந்த புலவன் வெட்டிய புல்லுக்கும் அக்கதியே நேர்ந்தது.

1662-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் இவ்வணிகரின் கையை இன்னும் வலுப்படுத்தியது. அரசின் அனுமதியின்றி எந்நூலும் அச்சேறலாகாது. சங்கத்தின் ஏட்டிற் பதியாமலும் அச்சேறலாகாது. சங்கத்தார் தனியுரிமை பெற்ற நூல்களைப் பிறநாட்டினின்று கொணர்தலும் ஆகாது. இத்தனியுரிமைகளுள் சிசரோ முதலிய பண்டை இலத்தீன் ஆசிரியரும் அகப்பட்டிருந்தனர். லாக் ஹாலந்தில் ஐந்தாண்டுக்கு மேல் வாழ்ந்தவர். அங்கே இந்நூல்கள் பிழையின்றியும் குறைந்த விலைக்கும் அச்சாதலைக் கண்டவர். தம் நாட்டு மாணவனோ பிழை மலிந்த பதிப்பை மிக்க விலை கொடுத்து வாங்க நேர்ந்ததை அவரால் பொறுக்கமுடியவில்லை. அவர் உள்ளத்தில் வேறொரு முள்ளும் தைத்திருந்தது. சிறுவர் எளிதில் இலத்தீன் கற்கும்பொருட்டு ஈசாப்பின் கதைகளை வரிக்கு வரி ஆங்கிலத்தோடு அமைத்துப் பதிப்பிக்க அவர் விரும்பினார். ஈசாப்பும் சங்கத்தாரின் பிடியிலிருந்தார்! அப்பதிப்பு 1703-ல்தான் வெளிவந்தது. பண்டு வாழ்ந்த ஒருவருடைய கதைகளுக்கு லண்டன் கடைக்காரர் வேலியிட்டிருந்ததை நினைக்குந்தோறும் எமக்கு நகைப்பும் வருகின்றது, சினமும் வருகின்றது.

அச்சட்டம் மீண்டும் நீடிக்கப்படும் வேளை வந்தது. 1694-ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி லாக் அச்சட்டத்தின் பிரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்து ஒரு குறிப்பெழுதிக் கிளார்க்குக்கு உதவினார். வாயாற் பேசுதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்குவாரில்லை. பேசியபின் குற்றமிருப்பின் சட்டம் கேட்கின்றது. அச்சுக்கும் அதுவே நெறியாதல் வேண்டும் என்பது அவர் முதல் வாதம். யாம் ஈண்டு கருதுவது அவருடைய மற்றொரு வாதம். நூறுநூறாண்டுகட்கு முன் வாழ்ந்த ஆசிரியரின் நூல்களுக்கு இன்று ஒருவன் உடைமை கொண்டாடுதல் நகைக்கத்தக்கது. அவற்றை எவரும் அச்சிடலாம். பலர் அச்சிடுதலால் நூல் திருந்தும், விலை தாழும் என்றார். வாழும் ஆசிரியரிடம் விலைக்கு வாங்கியவர்க்கு உடைமை இருத்தல் நேரிதே. ஆனால் அதற்கும் ஓர் எல்லை வேண்டும். ஆசிரியன் இறந்தபின்னரோ நூல் முதலில் அச்சேறியபின்னரோ ஐம்பது அல்லது எழுபது ஆண்டு என்பது போன்ற எல்லை போதும் என்றார்.

உழைப்பால் உடைமை வரும் என்று சொன்னவரே உடைமைக்கு முடிவுநாளும் குறித்தார் என்பதை வாசகர் நோக்குக. நிலத்துக்கு அவர் முடிவுநாள் குறித்தாரல்லர், நூலுக்கே குறித்தார். ஏன் என்பதை அக்குறிப்பு விரிவாய்க் கூறவில்லை. ஆயினும் மேலே யாம் நினைவில் வைக்கச் சொன்ன கட்டுரையின் கொள்கையை இங்கே பொருத்திப் பார்த்தால் ஒருவாறு விளங்கும். எவனும் தனிக்கருத்தைப் படைப்பதில்லை. உலகம் தந்தவற்றையே சேர்த்துக் கோக்கின்றான். கோக்கும் நூலிழை அவனுடையது. மணிகள் பொதுவிலிருந்து வந்தவை. கோப்பதற்கு அவன் கொண்ட மொழியோ முன்னோர் எல்லாரும் கூடி ஆக்கியது. அவ்வாறாயின், கோத்தவன் உழைப்புக்குக் கூலியுண்டு. அதன்பின் மாலை பொதுவுக்கு மீளுதல் வேண்டும். எஞ்சியது பிறர்க்கும் போதியதாய், அதனைப் போன்றே நல்லதாய் இருத்தல் வேண்டுமென்னும் முதல் எல்லை ஈண்டு நிறைவேறுகின்றது. இப்பொருத்தம் எம்முடையது, லாக் எழுதியதன்று. எனினும் அவர் நெறிக்கு மாறாகாதென நம்புகின்றோம்.

1695-ல் பார்லிமெண்டு அச்சட்டத்தை நீடிக்க மறுத்தது. காமன்ஸ் சபையார் காட்டிய காரணங்களுட் சில, லாக்கின் குறிப்பை ஒத்திருந்தன. அன்றுமுதல் இங்கிலாந்தில் அச்சுக்கு முன்னனுமதி வாங்கும் வழக்கம் ஒழிந்தது. மறுவருடம் அவர் வாணிபக் குழுவில் உறுப்பினராகி, உடல் நலிவையும் பொருட்படுத்தாது 1700 வரை அப்பணியில் உழைத்தார். நாணயச் சீர்திருத்தத்திலும் அவர் அறிவுரை நாடப்பட்டது.

அவர் இறந்தபின் நேர்ந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுவோம். சட்டம் ஒழிந்ததும் புத்தக வணிகர் தம் நிலை ஆட்டங்கண்டதை உணர்ந்தனர். பட்டயத்தையும் பதிவேட்டையும் காட்டிப் பயனில்லை எனக்கண்டு, ஏழை ஆசிரியனை முன்னே நிறுத்தி அவன் உழைப்பின் பெயரால் மன்றாடினர். 1710-ல் ஆன் அரசியார் காலத்துச் சட்டம் பிறந்தது. அது நூலுரிமையை முதன்முதல் ஆசிரியனுக்கே வழங்கி, 14 ஆண்டு எல்லை வகுத்து, அவன் உயிரோடிருப்பின் மேலும் 14 ஆண்டு கூட்டியது. எல்லை வந்ததே வணிகர்க்குக் கசப்பாயிற்று. உழைப்பால் வந்த உடைமை இயற்கையுரிமையாதலின் அதற்கு முடிவில்லை என்று அவர்கள் வழக்காடினர். தாம்சன் என்னும் புலவரின் பருவங்கள் என்னும் பாட்டைப் பற்றிய வழக்கில், 1769-ல் நீதிபதிகள் நால்வருள் மூவர் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தனர். தாம்சன் இறந்து அப்பொழுது இருபத்தோராண்டு கழிந்திருந்தது; உடைமை கொண்டாடியவர் அவரிடம் வாங்கிய வணிகர். பின்னர் 1774-ல், மலிவுப் பதிப்பு வெளியிட்ட எடின்பரோ வணிகர் டொனால்ட்சனின் வழக்கில் பிரபுக்கள் சபை அக்கொள்கையைத் தள்ளியது. ஷேக்ஸ்பியரும் மில்டனும் பனியனும் அன்றுதான் விடுதலை பெற்றனர் எனலாம். ஆசிரியன் பெயரைச் சொல்லி வணிகன் கேட்ட வரத்தை லாக் ஒருபோதும் கொடுத்தாரல்லர். அவர் தந்த ஒரு பாதியை எடுத்து மறுபாதியை மறைத்ததும் ஒருவகைக் களவே.

எம் வாழ்க்கையினின்றும் ஒன்று சொல்லுதல் தவறாகாது. எம் வகுப்பில் கற்போர் பதினொருவர். பாடமாய் அமைந்த இலக்கண உரையொன்றின் படி நூல்நிலையத்தில் ஒன்றே. விலை எம்மால் எட்டமுடியாதது. யாம் அதனைக் கடையில் ஒளிநகல் எடுத்துப் பங்கிட்டுக்கொண்டோம். உரையாசிரியர் இன்றும் வாழ்பவர். மாலையில் விடுதியில் நண்பர் ஒருவர், நாம் செய்தது திருட்டன்றோ என வினவினார். மற்றொருவர், அவர் நூல் குறைந்ததா, அங்கேயே இருக்கின்றதே என்றார். முதலவர், நூல் குறையவில்லை, அவர் கூலி குறைந்தது என்றார். அன்றிரவு எவரும் இதற்கு விடை சொல்லவில்லை. 2012-ல் தில்லிப் பல்கலைக்கழகத்து ஒளிநகற்கடையொன்றின்மேல் மூன்று பதிப்பகத்தார் வழக்கிட்டனர். அவர்களுள் ஒருவர் லாக் பயின்ற ஆக்ஸ்போர்டின் அச்சகத்தாரே. 2016-ல் தில்லி உயர்நீதிமன்றம், கற்பித்தலின் பொருட்டுப் படியெடுத்தல் சட்டத்துக்கு மாறன்று என்னும் கொள்கையை ஏற்றது. 2017-ல் பதிப்பகத்தார் வழக்கைத் திரும்பப் பெற்றனர். சட்டம் எம்மை விடுவித்தது உண்மையே. நண்பரின் கேள்வியோ அப்படியே நிற்கின்றது. நம் நாட்டுச் சட்டப்படி நூலுரிமை இப்பொழுது ஆசிரியன் இறந்தபின் 60 ஆண்டு. இங்கிலாந்தில் 70 ஆண்டு. லாக் குறித்த எண்களிடையே இவை அமைந்திருத்தல் தற்செயலாயினும் வியப்புக்குரியது.

இனி அவருடைய இறுதிநாட்களுக்குத் திரும்புவோம். இரண்டு ஆராய்ச்சிகளின் ஆசிரியர் யாரென்று நண்பர் பலர் ஐயுற்றனர். நெருங்கிய தோழர் டிரல் என்பார்க்கும் அவர் நேரே விடை தந்தாரல்லர். பொறையைப் பற்றிய கடிதம் அவருடையதென்பதை டச்சு நண்பர் லிம்போர்க் பிறரிடம் வெளியிட்டபோது அவர் மிகவும் சினந்தார். சிட்னியின் கதி முதலில் அவரை அஞ்சச் செய்திருக்கலாம். வில்லியம் மன்னர் ஆட்சியில் அவ்வச்சத்துக்கு இடமில்லை. எனினும் அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் பெயரிடாத அம்மகவைப் பேணாமலும் இருந்தாரல்லர். முதற்பதிப்பின் அச்சுப்பிழைகளைக் கண்டு வருந்தினார். 1694-லும் 1698-லும் திருந்திய பதிப்புகள் வந்தன. அவையும் மனநிறைவு தராமையால், தாம் மறைந்தபின் வரவேண்டிய பதிப்புக்கென ஒரு படியைத் தாமும் தம்மிடமிருந்த கோஸ்ட் என்னும் பிரெஞ்சு அறிஞருமாகத் திருத்திவைத்தார்.

ஆக்ஸ்போர்டிலுள்ள போட்லி நூல்நிலையத்தார் அவர் நூல்களனைத்தும் தமக்கு வேண்டுமெனக் கேட்டிருந்தனர். பெயரிட்ட நூல்களை அவர் அளித்தார். ஏனையவற்றுக்கு என் செய்வது? 1704-ல், உயிர் பிரிவதற்குச் சில கிழமைகட்கு முன், இறுதிமுறியோடு ஓர் இணைப்பை எழுதினார். அதில் பொறையைப் பற்றிய கடிதங்களையும், ஆட்சியைப் பற்றிய இரண்டு ஆராய்ச்சிகளையும், பெயரின்றி வந்த வேறு சிலவற்றையும் குறித்து, அவை தாம் எழுதியவை என ஒப்பி, அந்நூல்நிலையத்துக்கே அவற்றை வழங்கினார். பதினைந்தாண்டு உலகிடம் சொல்லாததை ஒரு நூல்நிலையத்திடம் சொன்னார். காசுக்கன்று, கணக்குப் பிழையாமைப் பொருட்டு.

அவ்வாண்டு அக்டோபர் 28-ஆம் நாள், மாஷம் அம்மையார் அருகிருந்து சங்கீதங்களை வாசித்துக்கொண்டிருக்கையில், நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் உயிர் நீத்தார். ஹை லேவர் ஆலயத்தின் புறச்சுவரை அடுத்து அவரை அடக்கம் செய்தனர். அவர் வாழ்ந்த மனை இன்று இல்லை; கல்லறை உள்ளது. அதற்கென அமைந்த இலத்தீன் வாசகம் அவர் தாமே எழுதிவைத்தது. தம்மை அறிய விரும்புவோர் கல்லிற் பொறித்த புகழை நம்பாது தம் நூல்களைப் பார்க்குமாறு அது பணிக்கின்றது. எந்நூல்கள் என்று அதில் இல்லை. அப்பட்டியலின் பாதி அப்பொழுதுதான் ஆக்ஸ்போர்டுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.